பன்னிரண்டாவது ஆட்டத்துக்கு ஒரு பஸ்

— இல்லை அப்பா, வேண்டாம் எண்டு நான் சொன்னது வடையை இல்லை. பஸ்ஸை.

— பஸ் வெளிக்கிட்டுட்டுது பிரவீனன். அட்லிஸ்வில் கோயிலடியிலை தேங்காய் உடைச்சு, சில்லுக்கு எலுமிச்சம்பழம் வைச்சு நசிச்சு, முறைப்படி வெளிக்கிட்டுட்டம். அம்பத்தெட்டுப் பேர்! எங்கடை பேரவையின்ரை பதினெட்டு வருச வரலாற்றிலை இப்பிடியொரு எழுச்சியை நான் காணேல்லை.

— அப்பா, நான் இப்ப நொஷாட்டல் மைதானத்திலை உடுப்பு மாத்திற அறையிலை நிக்கிறன். மூண்டு மணிக்கு மட்ச். கால் நடுங்குது. அம்பத்தெட்டுப் பேர் பாத்துக்கொண்டிருந்தா என்னாலை உதைக்கேலாது.

— நடுக்கமோ? வரதராசாவின்ரை மகனுக்கோ? நான் ஐந்நூறு பேருக்கு முன்னாலை ஒண்டரை மணித்தியாலம் தலைமையுரை ஆற்றினனான். ஒரு நடுக்கம் இல்லை.

— நடுங்கினது கேட்டுக்கொண்டிருந்த சனம் அப்பா. அந்த மண்டபத்திலை ஹீற்றர் வேலை செய்யேல்லை.

— நக்கல் அடிக்காதை. அமெரிக்கன் ஃபுட்போல் எண்டு ஒண்டு இருக்கிறதே எங்கடை ஆக்களுக்குத் தெரியாது. 'தலைக்கவசம் அணிந்த சடுகுடு' எண்டு விளக்கம் எழுதினது ஆர்? ஒவ்வொரு திங்களும் உங்கடை பீவர்ஸ் அணியைப் பற்றி வட்ஸப் குறூப்பிலை அறிக்கை விட்டது ஆர்?

— நல்லா விட்டியள். அறுபத்திமூண்டுக்குப் பூச்சியம் எண்டு அடி வாங்கிக்கொண்டு வந்தம். 'நூலிழையில் தவறிய வெற்றி' எண்டு எழுதியிருந்தியள்.

— நூலின்ரை நீளத்தைப் பற்றி நான் ஒண்டும் எழுதேல்லையே.

— பதினொரு மட்ச். பதினொண்டும் தோல்வி. பதினொண்டிலையும் நான் கரையிலை வாங்கிலே குந்திக்கொண்டு இருந்ததுதான் வேலை. அதுக்கு என்ன எழுதினனீங்கள்?

— 'அணியின் இரகசிய ஆயுதம்.' பிழையோ?

— கெனாவ், மெத்தச் சரி! எங்கடை கோச்சுக்கும் அது இரகசியமாத்தான் இருந்தது.

— இண்டைக்கு வெளியிலை வருகுதுதானே!

— இண்டைக்கு வெளியிலை வாறது ஏனெண்டா, வழமையா உதைக்கிற அமெரிக்கனுக்கு முழங்கால் பிசகிப்போட்டுது. வேறை ஆள் இல்லை. நேற்றுத்தான் கோச் கூப்பிட்டுச் சொன்னவர். ஒழுங்கா உதைச்சா வாற வருசமும் சம்பளத்தோடை விளையாடலாம். இல்லாட்டித் திரும்பவும் முழுநேரமா வயரிங் வேலை. ரெண்டு கம்பத்துக்கு நடுவாலை பந்து போக வேணும், அவ்வளவுதான். அதுக்கு எனக்கு அமைதி வேணும் அப்பா.

— அமைதிக்கு நான் பொறுப்பு. மேளத்தை ஒருக்கா அடிச்சா எல்லாரும் அடங்குவினம்.

— மேளமும் வருகுதோ! சித்திரையிலை நடந்தது மறந்துபோச்சோ?

— மறப்பனோ? மைக்கிலை பேரவைக்கு நன்றி சொன்னவங்கள். நான் எழும்பி நிண்டு நாலு பக்கமும் கும்பிட்டனான்.

— அது நன்றி இல்லை. எங்கடை அணி பந்து வைச்சிருக்கேக்கை நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு இருக்க வேணும். மற்ற அணி வைச்சிருக்கேக்கைதான் சத்தம் போடுறது. நீங்கள் மாறி அடிச்சியள். களத்திலை ஒருத்தர் சொல்லுறது ஒருத்தருக்குக் கேக்கேல்லை. மேளத்தை நிப்பாட்டச் சொல்லி அந்த மைக்கிலை கதைச்ச மனுசன் பிரெஞ்சிலை மூண்டு தரம் கெஞ்சினது.

— பிரெஞ்சிலை கெஞ்சினாலும் வாழ்த்தின மாதிரித்தான் கேக்குது. அது என்ரை பிழை இல்லை.

— அப்பா, கும்பிட்டுக் கேக்கிறன். பஸ்ஸைத் திருப்புங்கோ.

— திருப்பிறதோ? முன் சீற்றிலை பாலச்சந்திரன் இருக்கிறான். பத்து வருசமா என்ரை தலைவர் கதிரைக்குக் கண் வைச்சவன். அவனே 'உங்கடை பெடியன் எங்கடை பெடியன்' எண்டு கண் கலங்கிட்டான். அருட்செல்வன் பொன்னாடையும் கையுமா இருக்கிறான்.

— பொன்னாடை வேறையோ? நான் இன்னும் ஒரு பந்தும் உதைக்கேல்லை!

— உதைச்சாப் பிறகு எண்டா யோசிச்சுத்தான் போத்த வேணும். முதலே போத்தினா ஒரு பிரச்சினையும் இல்லை.

— அருட்செல்வன் அங்கிளிட்டை ஃபோனைக் குடுங்கோ. நானே கேக்கிறன்.

— அவர்... நித்திரை.

— பாலச்சந்திரன் அங்கிளிட்டை?

— அவரும் நித்திரை.

— கண் கலங்கின களைப்போ? சரி, ஒண்டு சொல்லுங்கோ. ஒரு பஸ்ஸுக்குள்ளை அம்பத்தெட்டு யாழ்ப்பாணத்தார். ஏன் ஒரு சத்தமும் கேக்கேல்லை?

— கட்டுப்பாடு. ஏறேக்கையே சொல்லிப்போட்டன்.

— கூட்டத்திலை மைக் வைச்சுச் சொன்னாலும் உங்களை ஒருத்தரும் கேக்கிறேல்லையே.

— இப்ப உனக்கு என்ன வேணும்?

— திரும்பிப் போங்கோ. நல்லா உதைச்சா வீடியோ அனுப்பிறன். பிழைச்சா நான் தனிய வெக்கப்பட்டுக்கொண்டு வீட்டை வாறன். அதைத் தாங்குவன். அம்பத்தெட்டுப் பேர் வரிசையிலை வந்து 'பரவாயில்லைத் தம்பி' எண்டு முதுகிலை தட்டினா, அதைத் தாங்கேலாது.

— சரி.

— என்ன சரி?

— திருப்பிறன். மக்கள் கொதிப்பினம். ஆனா தலைவன் எண்டவன் சில முடிவுகளைத் தனிச்சு நிண்டு எடுக்க வேணும். திங்கள் அறிக்கையிலை 'வீரரின் நலன் கருதி' எண்டு போட்டுவிடுறன்.

— உண்மையாவோ? இவ்வளவு கெதியாவோ?

— இந்தா, அம்மாவோடை கதை. நான் இறங்கி டிரைவரிட்டைச் சொல்லிப்போட்டு வாறன்.

— தம்பி, சாப்பிட்டியோ?

— வாழைப்பழம் சாப்பிட்டனான். அம்மா, அப்பாவுக்கு என்ன நடந்தது? எனக்காக இவ்வளவு பேரையும் திருப்பிக் கூட்டிக்கொண்டு போறாராம். ஆற்றையும் கலியாண வீட்டிலைகூட மைக்கைத் திருப்பிக் குடுக்காத மனுசன்.

— பொறு, அவர் இறங்கட்டும். சிவனே, இந்த மனுசனாலை... தம்பி, பஸ்ஸிலை ஆக்கள் இல்லை.

— எல்லாரும் இறங்கிட்டினமோ?

— ஏறினாத்தானே இறங்கிறதுக்கு! நானும் அப்பாவும் மட்டும்தான். கோயிலடியிலை முக்கால் மணித்தியாலம் நிண்டு பாத்தம். பேந்து சோலோதுர்ன் ஸ்டேசனுக்கு முன்னாலை அரை மணித்தியாலம். பாலச்சந்திரனுக்குத் திடீரெண்டு ஆரோ ஒரு பிள்ளையின்ரை சாமத்தியச் சடங்காம். அருட்செல்வன் பொன்னாடையை மட்டும் யன்னலாலை நீட்டிப்போட்டுப் போயிட்டார். வாறன் எண்டு பேர் குடுத்த சந்திரமதி எண்டாலும் நேராச் சொன்னா, தோக்கிறதைப் பாக்க நொஷாட்டல் வரைக்கும் வருவானேன் எண்டு.

— அப்ப மேளம்?

— அடிக்கிறவர் வரேல்லை. மேளம் வந்திருக்கு. சீற் பெல்ற் போட்டு இருத்தி வைச்சிருக்கிறார்.

— ஐயோ அப்பா...

— சிரிக்காதை. இப்ப உன்ரை மைதானத்துக்குப் பத்து நிமிசம் இருக்கு, ஒரு பெற்றோல் ஷெட்டடியிலை நிக்கிறம். வந்தா, வெறும் பஸ்ஸை நீ கண்டிடுவாய். வராட்டி, நீ முதல் தரம் உதைக்கிறதை அவர் காண மாட்டார். சோலோதுர்னிலை இருந்து மனுசன் இந்த ரெண்டுக்கும் நடுவிலைதான் தவிச்சுக்கொண்டு இருந்தது. நீ திருப்பச் சொன்னது வசதியாப் போச்சு. ஆனா அந்த முகத்தைப் பாக்கேலாது தம்பி. வெளியிலை நிண்டு டிரைவருக்கு வடை குடுத்துக்கொண்டிருக்கிறார். நாலாவது வடை. எண்டாலும் உனக்கு நல்லதுதானே. ஒருத்தரும் பாக்க மாட்டினம். நிம்மதியா உதை.

— அம்மா, எனக்குத் தெரியும் எண்டு அவருக்குச் சொல்லாதேங்கோ. ஃபோனைக் குடுங்கோ.

— இஞ்சேருங்கோ! தம்பி கூப்பிடுறான்.

— என்ன பிரவீனன், கெதியாச் சொல்லு. பஸ்ஸிலை மக்கள் பொறுமை இழக்கினம்.

— அப்பா, நான் யோசிச்சுப் பாத்தன். பஸ்ஸைத் திருப்பாதேங்கோ. களத்திலை நிக்கேக்கை எனக்குப் பந்து மட்டும்தான் தெரியும், ஆக்களை எண்ண மாட்டன். அம்பத்தெட்டுப் பேரையும் கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசையிலை இருத்துங்கோ.