வரிக்கு வரி

— பையைக் கீழ வை லவோனியா. கோழி வறுத்திருக்கேன், சாப்பிட்டுட்டுப் போ.

— வேண்டாம் அண்ணி. வேற சபைக்குப் போறேன்னு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன். இந்த மேக்கன் ஊர்ல சபைக்கா பஞ்சம்?

— பாஸ்டர் முகம் சுளிச்சாருன்னா ஓடிப் போயிடுவியா?

— நான் பேசி முடிச்சதும் திரும்பிக்கூடப் பார்க்கல. வெள்ளைக்காரன் பின் பெஞ்சுல தள்ளினான்னு நம்ம கறுப்பு ஜனங்க தனியாக் கட்டின சபை இது. இதுல பொம்பளை மட்டும் பீடத்துல ஏறக்கூடாது.

— பெண்கள் ஞாயிறுன்னா, கர்த்தர் தனக்குச் செஞ்சதைக் கீழ நின்னு சாட்சியாச் சொல்லலாம், அதான் வழக்கம். நீ 'இது சாட்சி இல்ல, பிரசங்கம்'னு போட்டு உடைச்சிட்ட.

— ஆமா. சமைக்கவும் பெருக்கவும் கூப்பிடுற கர்த்தருக்கு, பிரசங்கத்துக்கு மட்டும் நம்ம பேர் மறந்துடுமா?

— சரிதான். அப்புறம் கண்ணை மூடினவ, முடியிற வரைக்கும் திறக்கவே இல்ல.

— பயம் அண்ணி. நான் பேசினது பைபிள்ல வர்ற ஆகாரைப் பத்தி. அவளும் நம்ம கொள்ளுப்பாட்டிங்க மாதிரி அடிமைதானே. வயித்துப் பிள்ளையோட வனாந்தரத்துல தனியா நின்னவ. அவ போய், 'என்னைப் பார்க்கிற கடவுள்'னு அவருக்கே பேர் வச்சா பாரு. நினைச்சாலே உடம்பு சிலிர்க்குது.

— அப்போ மைக் நின்னதுகூட உனக்குத் தெரியாது.

— நின்னுச்சா?

— பிரசங்கம்னு சொன்ன உடனே பாஸ்டர் கையைக் காட்டினார், அணைச்சிட்டாங்க. வாசக்கதவுகிட்ட நின்ன எனக்கு உன் குரல் ஒரு பொட்டும் கேக்கல.

— பின்ன கடைசி பெஞ்சுல எல்லாம் எப்படி அழுதாங்க?

— பாட்டுப் புத்தகம் இல்லாத காலத்துல ஒருத்தர் வரி எடுத்துக் கொடுக்க, மத்தவங்க வாங்கிப் பாடுவாங்கல்ல, அப்படி. நீ சொன்னதை, முன் பெஞ்சுல வெள்ளை உடுப்போட உட்கார்ற சபையோட மூத்த தாய்மார் வாங்கிச் சொன்னாங்க. அவங்ககிட்டருந்து அடுத்த பெஞ்சு வாங்குச்சு. வரிக்கு வரி கதவு வரைக்கும் வந்துச்சுடி. என் ஆயுசுல இப்படி ஒண்ணைப் பார்த்ததில்ல.

— ஆண்டவரே. ஆமென் சொல்றாங்கன்னுல்ல நினைச்சேன்.

— ஆமென்னா அது? உன் பிரசங்கம்டி.

— யாரு முதல்ல எடுத்தது? மதர் ஹுல்டாவா?

— அவங்க ரெண்டாவது. முதல்ல எழுந்தது பாஸ்டரோட சம்சாரம். நீ போற சபைக்கு அவங்களும் வர்றாங்களாம், கையில பையோட நம்ம வாசல்ல நிக்கிறாங்க.