இன்று யார் முறை

தொண்ணூறுகளில் ஒரு காலை. காட்டுப்பாக்கத்தில் பூந்தமல்லி பஸ்ஸில் ஓடிவந்து ஏறிய பெண், எனக்கு முன் இருக்கையில் இருந்தவளைப் பார்த்துத் திகைத்தாள்.

“செல்வி! இங்க இன்னாடி பண்ற? உன் மாமியார யாரு பாத்துகினு கீறா?”

“நீதான் மேரிக்கா! சாவிய உன் கேட்டுல மாட்டிட்டுத்தான வந்தேன்?”

“இன்னிக்கு சரோஜா மொறடி.”

“அவ ஊருக்குப் போய்கீறா. உன்னாண்ட சொல்லிட்டேன்னாளே!”

“எங்கிட்ட யாரும் சொல்லல. அப்போ கெழவி தனியாவா கீது?”

“தண்ணி குடிக்க எழுந்தா உழுந்துடும்க்கா. ஹோல்டான், நான் எறங்கணும்!”

எழுந்தவளை மேரி அமுக்கி உட்காரவைத்தாள்.

“ஒக்காருடி. உன் தங்கச்சி கொழந்தைக்கு மூணு வயசாவுது, இன்னும் மொகம் பாக்கல நீ. இன்னிக்காவது போய்ப் பாரு. கெழவியாண்ட நா போறேன்.”

“லேட்டா போனா கம்பெனில திட்டுவானே?”

“உன் மாமியாகிட்ட நா வாங்காத திட்டா?”

நடத்துனர் விசில் அடித்தார். பஸ் முழுதாக நிற்பதற்குள் மேரி இறங்கி, வந்த வழியே ஓடினாள்.

படுக்கையில் விழுந்த என் தாயை என் மனைவி ஒன்பது வருடம் தனியாகப் பார்த்துக்கொண்டாள். அவளுக்கு வெளியே போகப் பிடிக்காது என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவந்தேன்.