வடிக்காத தண்ணீர்

உலகம்மாளுக்கு மைனி எழுதுவது.

வாழைக்காயைத் தோல் முழுக்கச் சீவிவிடக் கூடாது. மேல் நரம்பை மட்டும் எடுத்தால் போதும். மீதித் தோல் இருந்தால்தான் துண்டு உடையாமல் நிற்கும். பதினாறாம் நாள் விசேஷத்தன்று அடுப்படியில் என் பக்கத்தில் வந்து நின்று, "அண்ணன் கடைசியாத் தின்ன துவட்டலுக்குப் பக்குவம் சொல்லுங்க மைனி, நான் வச்சா அப்பிடி வர மாட்டேங்கு" என்று கேட்டாய். அத்தனை பேர் நின்ற இடத்தில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

இரண்டு காய்க்குக் கால் மூடித் தேங்காய், சீரகம், நாலு பல் பூண்டு, பத்து மிளகு, இரண்டு மிளகாய் வத்தல். ஒன்றிரண்டாகத்தான் தட்ட வேண்டும். தேங்காய் எண்ணெயில் கடுகு, உளுந்து வெடித்ததும் காயைப் போட்டு, மஞ்சளும் உப்பும் சேர்த்து, காய் மூழ்காத அளவுக்குத் தண்ணீர் விடு. அந்தத் தண்ணீரிலேயே வெந்து வற்றட்டும். மசாலைக் கடைசியில் போட்டுப் பிரட்டி இறக்கு. ருசியெல்லாம் அந்த வற்றுகிற தண்ணீரில்தான் இருக்கிறது. நீ தண்ணீரை வடித்துவிடுகிறாய், அதனால்தான் வரமாட்டேன் என்கிறது.

வடிக்கிற பழக்கம் உனக்கு இந்த வீட்டைப் பார்த்து வந்தது. நாலு வருஷமாக நான் வடித்துத்தான் வைத்தேன். சிறுநீரகம் இரண்டும் போனவர்களுக்குக் காய்கறியில் இருக்கிற பொட்டாசியம் ஆகாது. அது ரத்தத்தில் ஏறினால் நெஞ்சு சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும் என்று ஆஸ்பத்திரியில் பத்தியம் சொல்லித் தருகிற பெண் என்னை உட்காரவைத்து மூன்று தடவை சொன்னாள். காயைப் பொடியாக நறுக்கி வெந்நீரில் இரண்டு மணி நேரம் ஊறப்போட வேண்டும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் வேகவைத்து, அதையும் வடித்துக் கொட்ட வேண்டும். பிறகுதான் தாளிப்பு. வாழைக்காய், கீரை, உருளைக்கிழங்கு பக்கமே போகக் கூடாது.

நான் போகவில்லை. செவ்வாயும் வெள்ளியும் பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறி, அவருக்கு ரத்தம் சுத்தம் பண்ணி முடிகிற வரை ஐந்து மணி நேரம் பெஞ்சில் இருப்பேன். மற்ற நாட்களில் காயை ஊறவைப்பேன், வடிப்பேன், குடிக்கிற தண்ணீரை டம்ளரில் அளந்து வைப்பேன். கேட்பதற்கு ஒன்றும் பெரிய வேலையாகத் தெரியாது. எனக்கும் முதல் வருஷம் தெரியவில்லை.

உன் அண்ணனுக்கு நாக்கு நீளம் என்பது உனக்குத் தெரியும். முதல் வாய் வைத்ததும் தட்டைத் தள்ளுவார். "என்னளா இது, துணி அலசுன தண்ணியில வேக வச்ச மாரி இருக்கு" என்பார். வாசலில் யார் போனாலும் கூப்பிட்டு, "எம் பொண்டாட்டி டாக்டரோட சேந்துக்கிட்டு என்னயப் பட்டினி போடுதா வே" என்று சொல்லிச் சிரிப்பார். அவர்களும் சிரிப்பார்கள். நான் கீழே சிந்தியதைத் துடைப்பேன். நீ ஒரு தடவை அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாய்: "அண்ணன் இன்னும் எத்தன நாளைக்கோ. வாய்க்கு ருசியா ஒரு கறி வச்சுக் குடுக்கப் பிடாதா மைனி? கல்லு மனசு உங்களுக்கு." உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபப்படவும் தெம்பு வேண்டும் அல்லவா.

ஐப்பசியில் ஒரு நாள் கை ஓய்ந்துபோயிற்று. வடிதட்டை எடுக்கத் தோன்றவில்லை. தண்ணீரை அப்படியே வற்றவிட்டேன். அவர் ஒரு துண்டை வாயில் போட்டார், என்னை நிமிர்ந்து பார்த்தார். "அடி சக்க. ஏளா, இந்தக் கைய நாலு வருசமா எங்க ஒளிச்சு வச்சிருந்த?" என்றார். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் என் கையைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இதை நீ நம்ப வேண்டும்.

அதன்பின் தினமும் அப்படியே வைத்தேன். வாழைக்காய், மறுநாள் சேனைக்கிழங்கு, மறுநாள் உருளைக்கிழங்கு, மறுபடி வாழைக்காய். மொத்தம் பதினோரு நாள். விரும்பிக் கேட்கிறவருக்கு விரும்பியதைப் போட்டேன், வேறு எதையும் அதில் கலக்கவில்லை. வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் நடுவில் இடைவெளி கூடுதல், அந்த நாட்களில் பத்தியம் இன்னும் இறுக்கமாக இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் திங்கட்கிழமைகளில்தான் அவருக்கு நன்றாகப் பசிக்கும். கொஞ்சம் கூடவே வைத்தேன்.

அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நாற்காலியில் சாய்ந்து, "காலெல்லாம் கனக்குதுளா, கல்லக் கெட்டுன மாரி" என்றார். "செத்த படுங்க, சரியாப் போவும்" என்றேன். பாத்திரம் கிடந்தது. கழுவிக் கவிழ்த்தேன். அடுப்பு மேடையைத் துடைத்தேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தபிறகுதான் ஆட்டோவுக்குச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் டாக்டர், "பழம், இளநீர் ஏதும் குடுத்தீங்களாம்மா?" என்று கேட்டார். "இல்ல சார்" என்றேன். கொடுக்கவில்லைதான். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம், சாகிற அன்றுகூட வயிறாரச் சாப்பிட்டுப் போன புண்ணியவான் என்றார்கள். நீ என் தோளைக் கட்டிக்கொண்டு அழுதாய்.

எனக்கு மட்டும் சமைக்கும்போது இன்றைக்கும் தண்ணீரை வடித்துத்தான் வைக்கிறேன். பழகிவிட்டது.

நான் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை உலகம்மா. வாரம் இரண்டு நாள் கையில் ஊசி குத்தி, தாகத்துக்கு ஒரு வாய் தண்ணீர் இல்லாமல் அவர் பட்ட பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். உன்னையும் நினைத்தேன். உன் சிறுநீரகம் அவருக்குப் பொருந்துகிறது, தையில் ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானபோது நீ கொஞ்சமும் யோசிக்காமல் தலையாட்டினாய். இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டிருக்கிறாய். உன் வயிற்றை எதற்குக் கிழிக்க வேண்டும்? அவருக்கும் விடுதலை, உனக்கும் பத்திரம் என்றுதான் என் மனசு சொன்னது.

முடிவு சொன்ன அன்று நீ கையெழுத்துப் போடப் போயிருந்தாய். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். நல்ல மனிதர், முகமெல்லாம் சிரிப்பு. "இனி கவலையே இல்லம்மா. ஆபரேஷன் முடிஞ்சா இன்னும் இருபது வருசம் திடமா இருப்பார்" என்றார். கும்பிட்டுவிட்டு வெளியே வந்து அந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். இருபது வருஷம் கழிந்தால் எனக்கு எழுபத்தாறு. மூன்று வேளையும் அவர் தட்டைத் தள்ளிக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்திருப்பார்.

அன்று சாயங்காலம்தான் முதல் தடவையாகத் தண்ணீரை வடிக்கவில்லை.