வெட்டி எறிந்த முனை

விருது கொடுத்து என்னை வெட்கப்பட வைத்திருக்கும் கட்டுநர் சங்கத் தலைவர் அவர்களே, செங்கல் சுமந்த நாள்முதல் என்னைச் சகித்துவரும் சான்றோரே, முன்வரிசையை முன்னதாகவே பிடித்துவிட்ட தாய்மார்களே, சாப்பாட்டுக்கூடத்தின் பக்கமே சாய்ந்து அமர்ந்திருக்கும் சகோதரர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஊரிலேயே அழகிய மண்டபம் இது என்றார் தலைவர். கைதட்டினீர்கள். சற்றே தலையை நிமிர்த்துங்கள். மேலே பன்னிரண்டு உத்திரங்கள். எந்தக் காட்டு மரம்? எவர் வெட்டிய மரம்? எவரைக் கேட்டு வெட்டிய மரம்? உங்களுக்குத் தெரியாது. கட்டிய எனக்கே அன்று தெரியாது. தெரிந்துகொள்ளவே வேண்டாம் என்று இருந்தவன் நான்.

இந்த மரவேலை முழுவதும் என் தங்கையின் கணவர் செய்தது. காதில் எப்போதும் பென்சில் செருகியிருக்கும் தச்சர். மரம் எடுக்க அறுவை மில்லுக்குப் போன அன்று அவர் கேட்டார்.

"மச்சான், முறையா வெட்டின மரத்தடின்னா அடிமுனையில வனத்துறை முத்திரை இருக்கும். இதுல முனையே இல்லையே?"

"நான்தான் ரெண்டு பக்கமும் அரை அடி வெட்டி வைக்கச் சொன்னேன். வெடிச்ச முனையை வெச்சு என்ன பண்றது? பாக்க சுத்தமா இருக்குல்ல?"

"சுத்தமாத்தான் இருக்கு. எங்கேருந்து வந்துச்சுன்னு கேக்க முடியாத அளவுக்கு. ஒரு மாசம் பொறுங்க, நட்டு வளத்த தோட்டத்து மரமா பாத்துத் தரேன்."

"மாப்ள, திறப்பு விழாவுக்குத் தேதி குறிச்சாச்சு. நீங்க இழைக்கிற வேலையை மட்டும் பாருங்க."

யாரோ பின்னாலிருந்து, "எல்லாரும் அப்படித்தான்" என்கிறார். அதுதான் ஐயா என் ஆறாத வருத்தம். இருபது ஆண்டுகளாக எல்லா மில்லிலும் முனையை வெட்டச் சொன்னேன். என்னைப் பார்த்து நீங்களும் அப்படியே வெட்டச் சொன்னீர்கள். முத்திரை பெற்ற மரமும் திருட்டு மரமும் ஒரே முகத்தோடு வந்து நின்றன. திருடனுக்கு நானே ஏணி பிடித்தேன்.

அன்று மில்லைவிட்டுக் கிளம்பும்போது மாப்பிள்ளை எங்கள் தடிகளின் கழிவுக் குவியலிலிருந்து ஒரு முனைத்துண்டை எடுத்துக்கொண்டு போனார். நடுவில் உள்ளங்கை அகலப் பொந்து. எங்கும் முத்திரை இல்லை. வீட்டில் தங்கை அதன்மேல் தண்ணீர்க் குடம் வைத்திருந்தாள்.

போன மழையில் அவர்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த மலைச்சரிவு இறங்கியது. உயிர் தப்பியது, வீடு தப்பவில்லை. ஜன்னல் மட்டத்துக்குச் சேறு. பதினோரு குடும்பங்கள் வீடிழந்தன. அவர்களை எங்கே தங்கவைத்தார்கள்? இதே மண்டபத்தில்.

மழை விட்டதும் மாப்பிள்ளை என்னைச் சரிவுக்கு அழைத்துப் போனார். வரிசையாக அடிக்கட்டைகள். சேற்றிலிருந்து மீட்ட அந்தத் துண்டை ஒவ்வொன்றின் மேலும் வைத்துப் பார்த்தார். ஏழாவது கட்டையில், பெட்டிக்கு மூடிபோல, பொந்தோடு பொந்து பொருந்தியது. துண்டை மறுபடி எடுத்துக்கொண்டு அவர் கீழே இறங்கினார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

திரும்பி வந்தேன். தங்கை, இதோ இந்த மூலையில், பாயில் படுத்து மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, இவரு சொல்லிட்டாரு. இந்த மரமெல்லாம் அங்கேயே நின்னிருந்தா, நாங்க இங்க வந்து படுத்திருக்க மாட்டோம்ல?"

நான் கட்டிய மண்டபத்தில் எனக்கு நிற்க இடமில்லாமல் போயிற்று.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்கிறாரா அந்த அண்ணன்? சரியாகச் சொன்னீர்கள். என் கண் கெட்டது கெட்டதுதான். உங்கள் கண் நன்றாகத்தானே இருக்கிறது? வெட்டவே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. மரமில்லாமல் நமக்குப் பிழைப்பேது? கேட்டு வெட்டியதை வாங்குங்கள். நட்டு வெட்டியதை வாங்குங்கள். எங்கே நின்ற மரம் என்று சொல்லக் கூசாதவரிடம் வாங்குங்கள். வெடித்திருந்தாலும், கோணியிருந்தாலும், முனையோடு வாங்குங்கள். அந்தப் பதினோரு வீடுகளையும் நான்தான் கட்டித் தருகிறேன்; ஒவ்வொரு தடியின் முனையையும் நீங்கள் வந்து பார்க்கலாம்.

விருதை மேசைமேலேயே வைத்துவிட்டேன். வாசலில் என் பெயர் பொறித்த பலகையைக் கழற்றிவிட்டு, அந்த முனைத்துண்டை அங்கே அடிக்க அனுமதி கேட்கிறேன். மூன்றாவது வரிசையில், என் தங்கையின் மடியில் இருக்கிறது அது. தருவதா வேண்டாமா என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை.

பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி, வணக்கம். கீழே இறங்கி வருகிறேன். அவள் தந்தால், வாங்கிக்கொள்கிறேன்.