ஆட்ரி அக்காவின் நிலா மஞ்சள்

ஓவியம் பற்றி எனக்கு அதிகம் தெரியாது, ஃபாதர். நான் படித்தது கெமிஸ்ட்ரி. ஆட்ரி அக்கா கன்டோன்மென்ட்டில் எங்கள் அடுத்த வீடு. அவர் படம் வரைவார். ஞாயிறு பூசை முடிந்ததும் நான் போய் வண்ணம் அரைத்துக் கொடுப்பேன்.

பிம்ப்ரியில், வேலை செய்யும் ஆய்வகத்தில், நான் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அக்காவிடம் மட்டும்தான் பேச்சு தானாக வரும்.

எழுபத்தெட்டில் அவர் நிலாவையே வரைந்துகொண்டிருந்தார். மியூசியத்துப் பானை ஓடுகளில் பார்த்த நெளிகோடுகள், புள்ளிகள், காளைக் கொம்பு. மேலே ஒரு மஞ்சள் வளைவு. வேறு உருவம் எதுவும் இருக்காது.

“இது நிலாவா, கொம்பா அக்கா?”

“பானை செஞ்சவளுக்கு ரெண்டும் ஒண்ணுதான்டி. ரெண்டுமே வளருதுல்ல? உன் கெமிஸ்ட்ரியில இதெல்லாம் வராது, போ.”

வளைவின் நுனிக்காகத் தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்குவார். ஒரு படத்துக்கு ஐம்பது தடவையாவது. வெறும் மஞ்சள் மண்ணும் கோந்தும்தானே என்று நானும் தடுத்ததில்லை.

பிப்ரவரியில் அக்காவுக்குப் பரோடாவிலிருந்து கடிதம் வந்தது. இரண்டு வருட ஓவியப் படிப்பு, ஜூனில் சேர வேண்டும்.

“லெட்டர் போடுவேன் மணி. மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத.”

சிரித்துவிட்டு வந்தேன். ஜூனுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். அன்று என்னால் சாப்பிட முடியவில்லை.

ரவிவார் பேட்டை நாட்டுமருந்துக் கடையில் அரிதாரம் வாங்கினேன். பழங்காலத்து மஞ்சள் வண்ணக்கல். அதில் ஆர்சனிக் உண்டு. நல்ல மண் கிடைத்தது என்று சொல்லி அரைத்துக் கொடுத்தேன்.

“அடியே, இதுதான்டி நிலா,” என்று கன்னத்தைக் கிள்ளினார்.

கொஞ்சம் உடம்புக்கு முடியாமல் போனால் பயணம் தள்ளிப்போகும். நான் நினைத்தது அவ்வளவுதான். ஏப்ரலில் வாந்தி. மே மாதம் விரல்கள் மரத்துப்போயின. அப்போதும் வரைந்தார், அப்போதும் அரைத்துக் கொடுத்தேன். இடத்தை ஆகஸ்ட் வரை வைத்திருப்பதாகப் பரோடாவிலிருந்து தந்தி வந்தது. அதனால் நிறுத்தவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத்தான் கேட்டார், சயன்ஸ் படித்தவள் என்பதால். வண்ணங்களில் விஷப்பொருள் ஏதாவது உண்டா? வெறும் மண், என்றேன். அன்று சொல்லியிருந்தால் பிழைத்திருப்பார். அது எனக்குத் தெரிந்தே இருந்தது.

லீவு போட்டு அந்தக் கடைசி ஒன்பது நாளும் கட்டிலருகிலேயே இருந்தேன். கஞ்சி ஊட்டினேன், தலை வாரிவிட்டேன். அக்காவை அப்படிப் பார்த்துக்கொள்ள பரோடாவில் யார் இருந்திருப்பார்கள், ஃபாதர்?