அறுபதுக்கு வராத நம்பர்

டேவிட்: ...இன்னும் ஒரு நூலு லெஃப்ட்ல. மெதுவா, மேரி. வேகமா திருப்பிடாத.

ஆனந்தமேரி: ஸ்பேனர புடிச்சிக்கினு சப்-சென்டர் மாடியில நிக்கிறேன். காத்து ஆளையே தள்ளுது. நூலாம் நூலு!

டேவிட்: டிஷ்ஷு கள்ளக்குறிச்சி பக்கம் பாக்குதா?

ஆனந்தமேரி: மலைக்குக் கீழ கரும்புக் கொல்லைதான் தெரியுது. எந்த மாடியில நிக்கிறீங்க? கைய ஆட்டுங்க, பாக்கலாம்.

டேவிட்: இருபத்தஞ்சு கிலோமீட்டர்ல கை தெரியுமா? நர்ஸம்மாவுக்கு நக்கலு ஜாஸ்தி.

ஆனந்தமேரி: சரி, உங்க லேப்டாப்புல நம்பர் இன்னா சொல்லுது?

டேவிட்: எம்பத்திரெண்டு.

ஆனந்தமேரி: அறுபதுக்கு எறங்குனாதான் சிக்னல் நல்லா வரும்னீங்களே!

டேவிட்: எறங்கும்... திருப்பு... நிறுத்து. எழுபத்தொம்போது.

ஆனந்தமேரி: மணி ரெண்டே கால். மூணு மணிக்கு டாக்டரம்மா வீடியோவுல வருவாங்க. லிங்க் இல்லன்னா இந்த ரேடியோ பெட்டிய கழட்டி வேற ஊருக்குக் குடுத்துடுவாங்களாம்.

டேவிட்: தெரியும்...

ஆனந்தமேரி: போன மாசம் எழில்மதிக்கு பிரஷர் ஏறி, எட்டு மாச வவுத்தோட மூணு மணி நேரம் ஜீப்புல எறக்குனோம். டாக்டர் மொகத்தப் பாத்து ஒரு வார்த்த கேக்க முடிஞ்சிருந்தா நான் அப்பிடி நடுங்கியிருக்க மாட்டேன்.

டேவிட்: ம்... ரைட்ல திருப்பு.

ஆனந்தமேரி: இப்பதான லெஃப்ட்டுன்னீங்க?

டேவிட்: நடுவுல மரம் கிரம் மறைக்குதோ இன்னாவோ...

ஆனந்தமேரி: ஞாயித்துக்கெழம டிஷ்ஷ மாட்டினப்ப, நடுவுல ஒண்ணுமே இல்லன்னு நீங்கதான சொன்னீங்க?

டேவிட்: சொன்னேன்... எழுபத்தெட்டு.

ஆனந்தமேரி: இது மட்டும் வந்துட்டா, ரெஜிஸ்டர் எல்லாம் இங்கியே நெட்டுல ஏத்திடலாம். வெள்ளிக்கெழமயானா அத தூக்கிக்கினு பஸ்ஸுல கீழ ஓடியார வேண்டியதில்ல.

டேவிட்: ஆமா... வேண்டியதில்ல.

ஆனந்தமேரி: இன்னாங்க, குரலு எறங்குது?

டேவிட்: வெயிலு. மாடி காயுது.

ஆனந்தமேரி: நம்பரு?

டேவிட்: எம்பது.

ஆனந்தமேரி: நான் டிஷ்ஷ தொடவே இல்லியே... எப்பிடி ஏறிச்சி?

டேவிட்: காத்துல ஆடியிருக்கும்.

ஆனந்தமேரி: காத்துலயா? உண்மையச் சொல்லுங்க.

டேவிட்: மேரி... கத்தாத. அம்பத்தெட்டு.

ஆனந்தமேரி: எப்ப இருந்து?

டேவிட்: ரெண்டு மணியில இருந்து. வாரத்துல நீ எறங்கி வர்ற அந்த வெள்ளிக்கெழமதான் வூட்டுல ரெண்டு பேருக்கு உல வெக்கிறேன். அதுவும் போயிடுமேன்னு... வாயில பொய்யா வந்துடுச்சி. நீ எழில்மதி பேர எடுத்ததுல இருந்து மனசு அடிச்சிக்குது. தப்புதான். நட்ட டைட் பண்ணிட்டு டாக்டரம்மாவக் கூப்புடு.

ஆனந்தமேரி: நட்டு அப்பவே டைட் பண்ணியாச்சு. அந்த ரேடியோவுக்கு பின்னால நாலு சிக்னல் லைட்டு இருக்குதுல்ல, ரெண்டு மணிக்கே நாலும் பச்சையா எரிஞ்சிடுச்சி. டாக்டரம்மாவுக்கு மெசேஜ் போட்டு பதிலும் வந்துடுச்சி. உங்க பொய்யக் கேக்க ஆசையா இருந்துச்சிங்க, அதான் நெழலுல உக்காந்து சும்மா திருப்புற மாதிரி பேசிக்கினு இருந்தேன். வெள்ளிக்கெழம வந்தா ராத்திரி வரைக்கும் ரெஜிஸ்டர்தான ஏத்திக்கினு கெடக்குறேன்? இனிமே சனிக்கெழம சாயங்கால பஸ்ஸுக்கு வெறுங்கையோட வரேன். ரெண்டு பேருக்கும் உல வைங்க.