மரை கெடாமல் வந்த போல்ட்

இறுகிப்போன போல்ட்டுக்கு அவசரம் ஆகாது, ஐயா. எண்ணெய் விட வேண்டும், சூடு காட்ட வேண்டும், லேசாகத் தட்டிக்கொடுக்க வேண்டும், பிறகு சும்மா இருக்க வேண்டும். பலராலும் முடியாதது அந்தக் கடைசி வேலைதான். இப்போதெல்லாம் எனக்கும் முடிவதில்லை. நின்றுகொண்டே சொல்லலாமா? உட்கார்ந்தால் கால் தானாக ஆடுகிறது.

என் பெயர் அம்மார். எங்கள் ஊரில் பேரீச்சந்தோப்புக்குத் திரும்பும் முனையில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறேன். நீங்கள் ஆள் அனுப்பவில்லை. நானாகத்தான் இந்தக் கெபிலி போலீஸ் நிலையத்துக்கு வந்தேன். என்மேல் யாரும் புகார் கொடுக்கவில்லை. கொடுக்கவும் மாட்டார்கள்.

போன வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து ஊரே வெயிலுக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்ட வேளையில், லஸ்ஹர் தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். கார்பரேட்டரை இன்ஜினோடு சேர்க்கிற ரப்பர் குழாய் வெடித்திருந்தது. அதில் காற்று புகுந்தால் இன்ஜின் இரண்டு இருமல் இருமிவிட்டு நின்றுவிடும். மாற்றுக் குழாய் என்னிடம் இருந்தது. மாட்டுவதற்கு இரண்டு போல்ட்டைக் கழற்ற வேண்டும். ஒன்று வந்தது. மற்றதன் தலையை யாரோ முன்பே மழுங்கடித்து வைத்திருந்தார்கள். யாரோ என்ன, ஹேதிதான். சந்தைப் பக்கம் பட்டறை வைத்திருப்பவன்.

"ஹேதி கடை பூட்டியிருக்கு அண்ணே. வண்டி வச்சிருக்கிறவங்க எல்லாரும் கல்யாணத்துக்குக் கெபிலி போயிட்டாங்க. ஊர்ல ஒரு வண்டி இல்ல," என்றான் லஸ்ஹர்.

ஆக, வேறு போக்கிடம் இல்லாமல்தான் என்னிடம் வந்திருந்தான். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். போன மாதம் காப்பிக் கடையில், டொமினோ ஆட்டத்தின் நடுவே, "அம்மார்கிட்ட குடுத்தா வண்டி நொண்டிக்கிட்டுத்தான் திரும்பும். கைன்னா அது ஹேதி கை," என்று சொன்னவன் இவன். பதினைந்து பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

போல்ட்டின் கழுத்தில் எண்ணெய் விட்டேன். "இது ஊறணும். உக்காரு," என்றேன். அவன் உட்காரவில்லை. வாசலுக்குப் போனான், வந்தான், சுவரைத் தொட்டான், மறுபடி போனான்.

"எவ்வளவு நேரம் ஆகும்ணே?"

"அத போல்ட்டுதான் சொல்லணும்."

"புள்ளைக்குக் கண்ணு சொருகுதுண்ணே. வாயில நுரை தள்ளுது."

ஆமாம், எனக்குத் தெரியும். வாசலைத் தாண்டுவதற்கு முன்பே சொல்லிவிட்டான். அவன் மகள் மப்ரூக்காவுக்கு ஆறு வயது. விறகுக்கு அடியில் கையை விட்டிருக்கிறாள். மஞ்சள் தேள் கொட்டிவிட்டது. அதற்கான ஊசி கெபிலியில்தான் இருக்கிறது, நாற்பது கிலோமீட்டர். ஊரில் இருக்கும் ஒரே தொலைபேசி தபால் நிலையத்தில். வெள்ளி மதியம் அது பூட்டிக் கிடக்கும்.

நான் செய்த வேலையில் எந்த மெக்கானிக்கும் குறை சொல்ல முடியாது. அரை மணி நேரம் ஊறவிட்டேன். கேஸ் சுடரைக் காட்டினேன், ஆறவிட்டேன். திரும்பவும் எண்ணெய். மழுங்கிய தலையில் ஆக்சா பிளேடால் ஒரு கோடு போட்டு, அதில் ஸ்க்ரூடிரைவரை வைத்துத் தட்டித் தட்டித் திருப்பினேன். மயிரிழையளவு அசைந்தது. நிறுத்திவிட்டு மறுபடி எண்ணெய் விட்டேன். அப்போது அவன் மனைவி தலையில் துணிகூட இல்லாமல் ஓடிவந்து வாசலில் நின்றாள்.

"ஆச்சா?"

"இதோ, இதோ," என்று அவனுக்கு முன்னால் நான்தான் சொன்னேன். அவள் திரும்பி ஓடினாள்.

உளியை வைத்து நாலு போடு போட்டிருந்தால் பத்து நிமிடத்தில் வந்திருக்கும். போல்ட் திருகி இறங்குகிற மரை கெட்டிருக்கும், வண்டி கிளம்பியிருக்கும். அதுகூட வேண்டாம். பழைய டியூபை நறுக்கி அந்தக் குழாயைச் சுற்றி இறுக்கிக் கட்டினால் கெபிலிவரை தாங்கும். இதைக் கற்றுக்கொள்ள ஒருவன் மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அப்படி அனுப்பியிருந்தால் காப்பிக் கடையில் என்ன பேசியிருப்பார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

நாலு மணிக்குப் போல்ட் வந்தது. மூன்று மணி நேரம். மரையில் ஒரு கீறல் இல்லை. புதுக் குழாயை மாட்டி உதைத்தேன், முதல் உதையிலேயே இன்ஜின் பிடித்தது. லஸ்ஹர் என் எண்ணெய்க் கையை எடுத்து முத்தமிட்டுவிட்டுப் போனான். பிள்ளை பாதி வழியில், தாய்க்கும் தகப்பனுக்கும் நடுவில் உட்கார்ந்தபடியே அடங்கிவிட்டாள்.

மூன்றாம் நாள் துக்கம் கேட்கப் போனேன். காப்பிக் கடை ஆட்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள். லஸ்ஹர் எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டான். "ஹேதி கெடுத்தத அம்மார் அண்ணன்தான் எடுத்தாரு. மூணு மணி நேரம் தலை நிமிரல. இவரப்போயி நான் கேலி பேசினேனே," என்று அத்தனை பேர் முன்னாலும் அழுதான். ஒருவரும் சிரிக்கவில்லை. நான் கேட்க விரும்பியது அதைத்தான். கேட்டுவிட்டேன். அன்றிலிருந்துதான் ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். முதல் எண்ணெய் ஊறிக்கொண்டிருந்தபோது லஸ்ஹர், "உங்க வண்டி இருக்காண்ணே?" என்று கேட்டான். "பிரிச்சுப் போட்டிருக்கேன்," என்றேன். பட்டறைக்குப் பின்னால் அது பெட்ரோல் நிரம்பி நின்றது. சாவி என் சட்டைப்பையில் இருந்தது. ஆனால் நான் கல்நெஞ்சக்காரன் இல்லை, ஐயா. அவன் இன்னொரு தடவை கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். ஒரு தடவைதான் கேட்டான்.